முப்பத்தொன்றில் நின்ற எண்

அத்தியாயம் 14

அடுப்பை அணைத்துவிட்டு மாமனார் கூடத்துக்கு வந்தார். வந்தவர் திரும்பிப் போய், அணைத்தோமா என்று பார்த்தார். செருப்பை மாட்டிய பிறகு அதைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போய், குனிந்து குமிழைத் தொட்டுப் பார்த்தார். தலை வாரிக்கொண்டிருந்த மருமகள் இதையெல்லாம் கண்ணாடியிலேயே பார்த்தாள். வயசாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் அசதிதான். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. இன்றைக்கு முழுக்க நிற்க வேண்டிய நாள் வேறு.

இப்போதுதான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் ஒரு கேமரா கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் படம் எடுப்பவள் அல்ல, சத்தம் எடுப்பவள். ஃபிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் அந்தக் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கேமரா வரிசை ஒன்று உண்டு. அதை இப்போது டிஜிட்டலாக மறுபடியும் கொண்டுவருகிறார்கள். மேலே திருகுகிற வட்டங்கள், கட்டைவிரலால் இழுக்கிற நெம்புகோல், கறுப்புத் தோல் உறை என்று வெளியே எல்லாம் அச்சு அசல் பழசு. உள்ளே எல்லாம் புதுசு. ஆனால் புதுசுக்குச் சத்தம் கிடையாது. பட்டனை அமுக்கினால் ஊமை மாதிரி இருக்கும். ஆகவே பழைய கேமரா ஒன்றின் 'க்ளக்'கைப் பதிவுசெய்து இதற்குள் வைக்க வேண்டும். நன்றாக உழைத்து, இன்னும் ஓடுகிற கேமராவாக வேண்டும். கம்பெனி வைத்திருந்தவை எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. மாமனாருடையது வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. அப்பா பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கணவன்தான் எடுத்துக் கொடுத்தான். அம்மாவை எடுத்த ரோல் அதற்குள்ளேயே இருக்கிறது, கவனம் என்று சொல்லித்தான் கொடுத்தான்.

கவனமாகத்தான் இருந்தாள், நெம்புகோலை இழுத்து ஃபிலிமை நகர்த்தாமல் ஒரு தடவை மட்டும் அமுக்கிச் சத்தத்தை எடுத்தாள். ஒரே ஒரு ஃபோன் வந்தது, பேச வெளியே போனாள். திரும்பி வருவதற்குள் கூட வேலை பார்க்கும் நெட்டையன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதுபோலக் கேமராவின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தைப் பார்க்க வேண்டுமாம். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கெட்டுப்போகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த டீமில் அத்தனை பேரும் டிஜிட்டலிலேயே கண் விழித்தவர்கள். ஃபிலிம் கேமராவை உயிர்ப்பிக்கிறோம் என்று இரண்டு வருஷமாக மார்தட்டியவர்களில் அவளைத் தவிர ஒருத்தருக்குக்கூட அதற்குள் ஃபிலிம் இருக்கும் என்று தோன்றவில்லை.

அவள் பாய்ந்து வந்து மூடினாள். அன்றைக்கே கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் சாப்பிடும்போது மாமனார் சாதாரணமாகக் கேட்டார், கேமராவை யாராவது எடுத்தீங்களா என்று. இல்லையே மாமா என்றாள். கணவன் அப்போது வேலையில் இருந்தான். பொய் சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டை முடித்துத் தட்டையும் கழுவி வைத்தாள். பொய் சொல்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. அது நடந்து மூன்று வாரம்.

இன்றைக்கு அந்தப் புதுக் கேமரா வெளியாகிறது.

கணவன் வந்து சேர்ந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய், விடிய விடிய அதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தான். ஷூவைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தான்.

"அப்பா இன்னிக்கோட வேனை விடறார்" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேலையை விடுகிறாரா, ஏன், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, இப்போது வாசலில் அவராகவே சொன்னார் என்றான். ஞாபகம் சரியில்லையாம். வேன் முதலாளியம்மாவிடமும் போன வாரமே சொல்லிவிட்டாராம். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கு இவன் லீவு கேட்க வேண்டும், கேட்டால் மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

"அப்படி என்ன மறந்துட்டாராம்?"

"கேட்டேன். பெரிசா ஒண்ணுன்னார். அதுக்கு மேல வாயத் திறக்கல."

அவள் அடுப்பை நினைத்தாள். இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தாரே என்று நினைத்தாள். கணவன் கண்ணை மூடியபடியே, "பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவருக்கு அந்தச் சந்தேகம் வந்தா விடறதுதான் நல்லது" என்றான். சொல்லி முடிக்கும் முன்பே குறட்டை வந்துவிட்டது. அவன் ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

மாமனார் கடைசி நாளுக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார், ஸீட்டில் குஷனைப் போட்டுக்கொண்டு ஏறினார்.

பிள்ளைகளை அவர் பேரால் கூப்பிடுவதில்லை. அவர் வைத்த பேர்தான். முன்பல், கணக்குப்புலி, தூங்குமூஞ்சி, ஜன்னல் சீட்டு. பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் இறங்கியதும் எண்ணினார். எண்ணிவிட்டு வேனுக்குள் ஏறி ஒவ்வொரு ஸீட்டுக்கு அடியிலும் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு தடவை எண்ணினார்.

"மூணு தடவை எண்ணிட்டீங்க தாத்தா" என்றாள் முன்பல்.

"நீ ஓடு. பெல் அடிச்சாச்சு."

அவள் ஓடினாள். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். களைப்பாக இருந்தது. வேலை தந்த களைப்பாக இருந்தால் தூங்கினால் போய்விடும். இது தன்னைத் தானே வேவு பார்ப்பதில் வந்த களைப்பு.

அந்தக் கேமராவின் தலையில் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி. எத்தனை படம் எடுத்தாயிற்று என்று அதற்குள் ஓர் எண் காட்டும். அவருடையதில் அது முப்பத்தொன்றில் நின்றது. மனைவி இருந்தபோது எடுத்த கடைசிப் படம் அது. முப்பத்தாறு படம் பிடிக்கிற ரோல், இன்னும் ஐந்து பாக்கி. அந்த ஐந்தையும் எடுத்தால் ரோல் முடியும், முடிந்தால் கழுவலாம், கழுவினால் அவள் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் அவள் போன பிறகு அந்த ஐந்தில் எதை எடுப்பது? தெருவையா, நாற்காலியையா? இரண்டு வருஷமாக எடுக்கவில்லை. அவ்வப்போது அலமாரியைத் திறந்து அந்த எண்ணை மட்டும் பார்ப்பார். முப்பத்தொன்று என்று இருக்கும். மூடிவிடுவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பார்த்தபோது எண் ஆரம்பத்தில் நின்றது.

பின்கதவைத் திறந்தால்தான் அந்த எண் பழையபடி ஆரம்பத்துக்குப் போகும். தானாகப் போகாது. மருமகளிடம் கேட்டார், யாரும் எடுக்கவில்லை என்றாள். மருமகள் பொய் சொல்கிறவள் அல்ல. அப்படியானால் திறந்தது யார்? அவர்தான். திறந்ததும் ஞாபகமில்லை, மூடியதும் ஞாபகமில்லை. மனைவியின் படத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, அழித்ததையே மறந்துவிட்டு நிற்கிற மனுஷன், நாளைக்கு ஒரு பிள்ளையை ஸீட்டுக்கு அடியில் தூங்கவிட்டு வேனைப் பூட்டிக்கொண்டு போகமாட்டான் என்று என்ன நிச்சயம்?

இதை மகனிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் படத்தை நான் அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

*

வெளியீட்டு மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. நடுமேடையில் புதுக் கேமரா விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் பட்டனை அமுக்கி 'க்ளக்' கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார். இவள்தான் அந்தச் சத்தம் செய்தவள் என்று டீம் லீடர் ஒவ்வொருவரிடமும் காட்டிக் காட்டிச் சொன்னார். அவள் சிரித்தாள். மத்தியானத்துக்குள் கன்னம் வலித்தது.

அந்த 'க்ளக்' ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமனாரின் கேமரா அல்லவா அது! அங்கே வந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் வந்தார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் இருந்த வட்டக் கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டி, பழசில் பின்கதவைத் திறந்தால் இந்த எண் ஆரம்பத்துக்குப் போய்விடுமே, இதில் எப்படி என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற நெட்டையனுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் அல்வா. பழசில் கதவின் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பி உண்டு, கதவு திறந்த நிமிஷமே அது எண்ணை ஆரம்பத்துக்கு விட்டுவிடும், புதுசில் கதவே கிடையாது, கார்டைக் கழற்றினால் எண் ஆரம்பத்துக்குப் போகிற மாதிரி நாங்களே வைத்திருக்கிறோம் என்று விளக்கினான்.

மருமகள் அந்த வட்டத்தையே பார்த்தாள்.

அவள் வேலை சத்தத்தோடு சரி. எண் எப்படி ஓடும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அலமாரியில் வைத்தபோது அந்த வட்டத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அவர் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்கிறார். அவள் இல்லையே மாமா என்று சொல்லியிருக்கிறாள்.

பெரிசா ஒண்ணு. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அவள் நெட்டையனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஒன்றே ஒன்று கேட்டாள். கதவு திறந்தால் எல்லாப் படமும் போய்விடுமா? எல்லாம் போகாது என்றான். எடுத்த ஃபிலிம் ஒரு தண்டில் சுற்றிக்கொண்டே போகும், வெளிச்சுற்றில் இருக்கும் கடைசிப் படங்கள் போய்விடும், உள்சுற்றில் இருப்பது பிழைக்கலாம். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு அந்த ஃபிலிமில் முக்கியமாக ஏதாவது இருந்ததா என்று மெதுவாகக் கேட்டான். அவள் பையை எடுத்தாள். டீம் லீடரிடம் தலைவலி என்றாள். அது பொய்யுமில்லை.

பஸ்ஸில் கணவனுக்கு மூன்று தடவை ஃபோன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. அவன் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

*

வேன் ஷெட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மாமனார் முதலாளியம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் அந்தக் குஷன். இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை. சாவி கையில் இல்லை.

"நீ எங்கம்மா இங்க? இன்னிக்கு உன் விழா ஆச்சே."

அவள் பஸ்ஸில் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போயே போய்விட்டன. நின்ற இடத்திலேயே சொன்னாள். கேமராவை எடுத்தது, ஆபீஸுக்குக் கொண்டுபோனது, நெட்டையன் திறந்தது, தான் மூடியது, கொண்டுவந்து வைத்தது, இல்லையே என்று சொன்னது. எதையும் விடவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர்தான் தேற்றுவார், அது அநியாயம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் வேனின் படியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் திறக்கல."

"இல்ல மாமா."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"நீங்க தொடவே இல்ல மாமா. நாங்கதான்."

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் பிறகு பல நாள் நினைத்துப் பார்ப்பாள். குஷனை மடியில் வைத்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லக் கேட்டவரைப் போல உட்கார்ந்திருந்தார். அது அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது.

"மூணு வாரம்" என்றார். "மூணு வாரமா என்னையே நான் நம்பலம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்சுற்றில் இருக்கும் படங்கள் பிழைத்திருக்கலாம் என்று நெட்டையன் சொன்னதை எப்படியோ சொல்லி முடித்தாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன ஆறுதல் என்று அவளுக்கே தெரிந்தது.

மாமனார் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். பிறகு விரலை மடக்கி ஆரம்பித்தார். அவளுக்குச் சொல்கிறாரா, தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

"மொதப் படம், கையை நீட்டி லென்ஸை மறைக்கிறா. ரெண்டாவதும் கைதான். மூணாவது, கதவை என் மூஞ்சில சாத்தறா. நாலாவது, துணி உலர்த்திட்டு இருக்கா, முதுகு மட்டும். படம்னாலே அவளுக்கு ஆகாது. அஞ்சாவது, திரும்பி முறைக்கிறா."

ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். ஜுரத்தில் படுத்திருந்தது, பேரம் பேசியது, கண்ணாடியைத் தேடியது, அது தலைமேலேயே இருந்தது. எங்கேயும் தடுமாறவில்லை. சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்தது. ஞாபகம் என்றால் அப்படி ஒரு ஞாபகம். இருபத்தெட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"கடைசி மூணுலதான் சிரிச்சா. சரி, எடுத்துத் தொலைங்கன்னு உக்காந்து சிரிச்சா." குஷனின் ஓரத்து நூலைப் பிய்த்தார். "அது வெளிச்சுத்துதானே?"

"ஆமா மாமா."

அவர் பிய்த்த நூலை விரலில் சுற்றினார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து வேட்டி மடிப்பைத் தட்டிச் சரிசெய்தார். சாவியை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

முதலாளியம்மா நல்ல மாதிரிதான். நாள் முழுக்க ஃபோன் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. மாமனார் தனக்கு ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு தப்பு நடந்துவிட்டது, சாவியைக் கொடுத்தால் நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றார். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஞாபகம் இல்லைன்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. இருக்குன்னும் இப்ப நீங்கதான் சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்வி.  மாமனார் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"இவ சொல்லுவா."

மருமகள் இரண்டாம் தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னால் மாமனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் பொய் சொன்னேன், அதனால்தான் இவர் இப்படி நினைத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். காது சுட்டது.

முதலாளியம்மா குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். மாமனாருக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்தினார், ஆனால் அறை சின்னது.

"நல்ல மருமகம்மா நீ. அவர் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உன் தலைல போட்டுக்கிறே. இந்தக் காலத்துல யார் செய்வா? ஆனா இது பிள்ளைங்க விஷயம். பெத்தவங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. காலைல புது டிரைவர் வந்துடுவார்."

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் இன்னும் நல்ல மருமகள் ஆகத்தான் போகிறாள் என்று தோன்றியது. பொய்யை ஒரே வார்த்தையில் நம்பவைத்தவளால், உண்மையை இத்தனை வார்த்தை சொல்லியும் நம்பவைக்க முடியவில்லை.

வெளியே வந்தார்கள். வேன் கதவு பூட்டியிருந்தது. அவர் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஸீட்டுகளை எண்ணினார். ஒரு தடவைதான் எண்ணினார்.

அவள் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. கணவன். ஒருவழியாக எழுந்துவிட்டான் போலிருக்கிறது. கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தவன் அவன். அம்மாவின் கடைசிச் சிரிப்பு போய்விட்டது என்று இன்னும் தெரியாதவனும் அவன்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடும்மா" என்றார் மாமனார். குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைப் பார்க்காமலே சொன்னார். "அவனாவது நம்பறானான்னு பாப்போம்."